கடல் நாட்காட்டியும் பள்ளி நாட்காட்டியும்: விழிஞ்ஞத்திலிருந்து கேரள மாணவர் மன்றங்களின் வரலாறு

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒன்றாக வருகின்றன: பள்ளிகள் திறக்கின்றன, தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு இது புதுக்குடையும் புதுப்புத்தகமும் சேர்ந்துவரும் காலம். விழிஞ்ஞத்தில் அது வேறொன்றையும் குறிக்கிறது. திறந்த கடற்கரைகளில் அலை உயர்ந்து வள்ளம் இறக்க இயலாமற்போகும்போது, விழிஞ்ஞம் மீன்பிடித் துறையின் பாதுகாப்பை நாடி அண்டை ஊர்களின் வள்ளங்களும் வந்து சேர்கின்றன. விசைப்படகுகளின் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை நீடிக்கும்; மரபுசார் வள்ளங்களை அது கட்டுப்படுத்துவதில்லை. எனவே மழை மாதங்களே அவ்வூரின் உழைப்பு மிகுந்த மாதங்கள். பள்ளி மன்றங்களின் ஆண்டுத் திட்டமும் இதே மாதங்களில்தான் நெருக்கியடித்து நிற்கிறது.

ஜூன் 5 சுற்றுச்சூழல் மன்றத்துக்குரியது. 19 வாசிப்பு நாள். கலை இலக்கிய மன்றமான வித்யாரங்கத்தின் பொறுப்பு. 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாள். ஜூலை 5 வைக்கம் முகம்மது பஷீரின் நினைவு நாள். 21 அறிவியல் மன்றத்தின் நிலவு நாள். ஆகஸ்டு 6, 9 ஆகிய நாட்களில் சமூக அறிவியல் மன்றம் ஹிரோஷிமா, நாகசாகியை நினைவுகூர்கிறது. மலையாளத்தில் இதற்குத் ‘தினாசரணம்’ என்றே பெயர். சுவரிதழ், வினாடி வினா, உறுதிமொழி, ஓர் உரை என்பதே பெரும்பாலும் அதன் வடிவம். வடிவம் சலிப்பூட்டலாம். ஆனால் அந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் பள்ளிக்குள் எவ்வழியாக நுழைந்தன என்பது சலிப்பூட்டும் வரலாறன்று.

ஜூன் 19ஐ எடுத்துக்கொள்ளலாம். 1909இல் நீலம்பேரூரில் பிறந்த பி.என். பணிக்கர் 1926இல் தம் ஊரில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார். 1945இல் 47 ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்து அம்பலப்புழையில் கூட்டிய மாநாட்டிலிருந்து கிரந்தசாலா சங்கம் உருவாயிற்று. ஊரார் சந்தாவிலும் நன்கொடைப் புத்தகங்களிலும் வளர்ந்த இயக்கம் அது. 1989ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் அவ்விடத்தை மாநில நூலகக் கவுன்சில் ஏற்றது. 1995 ஜூன் 19 அன்று பணிக்கர் மறைந்தார். மறு ஆண்டிலிருந்து அந்நாள் வாசிப்பு நாளாயிற்று. மாலைவேளையில் விளக்கேற்றி ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட ஊர்ப்பழக்கம், இரண்டு தலைமுறைக்குள், காலை வணக்கக் கூட்டத்தில் எடுக்கப்படும் உறுதிமொழியாக மாறியது. இதனை வீழ்ச்சி என்று மட்டும் சொல்வது நியாயமன்று. நூலகமே இல்லாத ஊரின் குழந்தைக்கும் அந்த நாள் சென்று சேர்கிறது. ஆனால் இயக்கத்தை நடத்தியவர்களுக்கு அன்று இருந்த உரிமை, உறுதிமொழி எடுப்பவர்களுக்கு இன்று இல்லை.

அறிவியல் மன்றத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1962இல் கோழிக்கோட்டில் அறிவியல் எழுத்தாளர்களின் சிறு கூட்டமாகத் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1970இல் சிறுவர்களுக்காக ‘யுரேகா’ இதழை வெளியிட்டது. வினாடி வினாவையும் எளிய சோதனைகளையும் பள்ளிப் பிள்ளைகளிடம் பரப்பியதில் அதன் பங்கு பெரிது. 2018இல் தொடங்கப்பட்ட ‘லிட்டில் கைட்ஸ்’ கணினி மன்றங்களோ அரசு நிறுவனத்திலேயே பிறந்தவை. தமிழ்நாட்டில் 2022இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘வானவில் மன்ற’த்தையும் இவ்வகையிலேயே வைக்கவேண்டும்.

கலோத்சவம் தொடக்கத்திலிருந்தே துறையின் பிள்ளை. மாநிலம் உருவாகி மூன்று மாதங்கள்கூட நிறையாத 1957 ஜனவரியில், எர்ணாகுளத்தில் அது முதலில் நடந்தது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இளைஞர் விழாவைக் கண்டுவந்த பொதுக்கல்வி இயக்குநர் சி.எஸ். வெங்கடேஸ்வரன் அதற்கு வித்திட்டார். சுமார் 400 மாணவர்களே பங்கேற்றனர். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்த பிள்ளைகள் ஒரே மேடையில் ஏறியது அன்று சிறிய செய்தியன்று. புதிய மாநிலம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட முதல் மேடைகளுள் அதுவும் ஒன்று. மறு ஆண்டு விழாவில் யேசுதாஸ் பாட, ஜெயச்சந்திரன் மிருதங்கம் வாசித்த ஒளிப்படத்தை மலையாளிகள் இன்றும் பகிர்கின்றனர். 1986இல் கலாதிலகம், கலாபிரதிபை பட்டங்கள் வந்தன. போட்டி பகையாகவும் வழக்காகவும் முற்றியபின் 2006இல் அவை நீக்கப்பட்டுத் தர வரிசை முறை நிலைபெற்றது. ஒப்பனைக்கும் ஆடைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவு மட்டும் நீங்கவில்லை. அன்றாட மீன் வரத்தை நம்பும் குடும்பம் எந்தப் போட்டியில் பெயர் கொடுக்க இயலும் என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை.

மொழியியல் நோக்கில் இவ்விழா இன்னும் சுவையானது. தமிழ்க் கவிதை ஒப்புவித்தல் அதில் ஒரு போட்டி. பத்தாண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்றுவரும் சவிட்டுநாடகத்திலோ தமிழ் போட்டிப் பொருளாக அன்றி, பாட்டின் உடலாகவே இருக்கிறது. ‘காறல்மான் சரிதம்’ உள்ளிட்ட பழைய சுவடிகளின் மொழி தமிழ் மிகுந்தது. மரபு அவற்றைச் சின்னத்தம்பி அண்ணாவி என்பவருடன் இணைக்கிறது. பயிற்றுவிக்கும் ஆசானை ‘அண்ணாவி’ என்பது இலங்கைக் கூத்து மரபுக்கும் பொதுவான வழக்கு. பொருள் முழுதும் விளங்காமலே பிள்ளைகள் அவ்வரிகளுக்கு மேடை அதிர மிதிக்கின்றனர். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் மங்கலம்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் என்னும் ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. 1957இலிருந்து எண்ணினால் 68 ஆண்டுகள். பட்டியல் திறக்கக்கூடியது என்பதற்கும், எவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

கடற்கரையின் அறிவு இன்னும் வாசலில்தான் நிற்கிறது. திருவனந்தபுரக் கடலோடிகள் ‘கணிச்சம்’ என்று வழங்கும் முறையைப் பார்க்கலாம். கரையில் தெரியும் ஒரு மலையுச்சியையும் அதற்கு முன்னுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொணர்வது ஒரு கணிச்சம். வேறு திசையில் இன்னொன்று. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ‘பார்’ என்னும் கடலடிப் பாறை கிடக்கும். மீனும் அங்கேயே கூடும். கணித மன்றம் கரும்பலகையில் வரையும் வெட்டுப்புள்ளிக்கு இதைவிடச் செம்மையான செய்முறை இல்லை. நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் மீனுக்கும் இக்கரையில் வழங்கும் சொற்களுள் தமிழோடு உறவுடையவை ஏராளம். நூலகத்துக்கு ஒரு பணிக்கரும் அறிவியலுக்கு ஒரு பரிஷத்தும் இருந்தமை போல, இவ்வறிவைப் பள்ளிக்குள் தள்ளிக்கொண்டு வர ஓர் இயக்கம் வாய்க்கவில்லை என்பதே வேறுபாடு. வீட்டில் அச்சொற்களைப் பேசும் பிள்ளை, மன்றக் கூட்டத்தில் பாடநூல் மலையாளத்துக்கு மாறிக்கொள்கிறது.

நாட்காட்டியில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1963 நவம்பர் 21 அன்று இதே மாவட்டத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அதற்காகத் தம் நிலத்தையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் மீனவர்கள். நவம்பர் 21 உலக மீன்வள நாளும்கூட. அறிவியல் மன்றமும் சமூக அறிவியல் மன்றமும் ஒருசேரக் கொண்டாட ஒரே தேதி. பெரும்பாலான பள்ளிகளில் அந்த வாரம் உபஜில்லா, ஜில்லா கலோத்சவ ஒத்திகைகளில் கழிந்துவிடுகிறது.