நங்கூரம் தூக்குறதுக்குள்ளே...

நீலத் துணி, நடுவிலே வெள்ளையாய் ஒரு சதுரம். துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் கொடிமரத்தில் இது ஏறிச்சுன்னா, 'கிளம்பப் போறோம், எல்லாரும் வந்து ஏறுங்கப்பா'ன்னு அர்த்தம். ஆங்கிலேய மாலுமிகள் வச்ச செல்லப்பேர் 'ப்ளூ பீட்டர்'. சர்வதேசக் கொடிச் சங்கேதத்தில் 'பி' எழுத்துக்கான கொடி இதுதான். (பிபிசியில் 1958-ல் ஆரம்பிச்ச குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் இதே பேர்.) செல்போன் இல்லாத காலத்தில், சாராயக்கடையில் உட்கார்ந்திருக்கிற மாலுமியும் கடைத்தெருவில் பேரம் பேசிக்கிட்டிருக்கிற பயணியும் அடிக்கடி கடல் பக்கம் தலையைத் திருப்பி இந்தக் கொடி ஏறிடுச்சான்னு பார்த்துக்கணும். பார்க்காம விட்டா போச்சு!

ஆனா வேலையாய்ப் போறவங்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஒரு ஊரில் ஏறி இன்னொரு ஊரில் இறங்கிட்டா ஜோலி முடிஞ்சது. இறங்கி, ஊர் சுத்திட்டு, திரும்ப அதே கப்பலைப் பிடிக்கணும்ங்கிற தலைவலி, உல்லாசப் பயணம்னு ஒண்ணு வந்தப்புறம்தான் பெரிசாச்சு.

அதுக்கு நல்ல உதாரணம் 'குவேக்கர் சிட்டி'. பக்கவாட்டுச் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல். 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக்கடல் பக்கம் கிளம்பினது. தலைக்கு 1,250 டாலர், அந்தக் காலத்துக் காசு! கேப்டன் பேர் டங்கன். மொத்தமே அறுபத்துச் சொச்சம் பயணிகள்தான், பாதிப்பேர் பக்திமான்கள். அவங்களுக்கு நடுவிலே கலிபோர்னியா பத்திரிகை ஒண்ணு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பின ஒரு நக்கல் பிடிச்ச ஆள். மார்க் ட்வைன். 1869-ல் இவர் எழுதின 'இன்னொசண்ட்ஸ் அப்ராட்' இந்தப் பயணக் கதைதான்.

கப்பல் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பைரேயஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சேருது. கண்ணுக்கு எட்டின தூரத்தில் அக்ரோபோலிஸ். எல்லாரும் கிளம்பி ரெடியா நிற்கும்போது துறைமுக அதிகாரி படகில் வந்து குண்டு போட்டார். ஒண்ணு, இடத்தைக் காலி பண்ணுங்க. இல்லைன்னா துறைமுகத்துக்கு வெளியே போய் பதினோரு நாள் கப்பலிலேயே கிடங்க. குவாரண்டைன்! 2020-ல் நாமெல்லாம் வீட்டுக்குள்ளே அடைஞ்சு கிடந்து கத்துக்கிட்ட அதே வார்த்தை. பதினோரு நாள் காத்திருக்க கேப்டன் தயாரில்லை. அரைநாள் வெளியே நின்னு தேவையான சாமான்களை ஏத்திக்கிட்டு கான்ஸ்டான்டிநோபிள் போயிடலாம்னு முடிவு.

மத்தவங்க பைனாகுலரில் பார்த்து ஏக்கப்பட்டதோட சரி. ட்வைனும் இன்னும் மூணு பேரும் மட்டும் ராத்திரி பதினோரு மணிவாக்கில் சின்னப் படகில் கரைக்கு நழுவிட்டாங்க. மாட்டினா ஆறு மாசம் ஜெயில்னு பேச்சு. ஊரைத் தொடாம, குன்றைச் சுத்திக்கிட்டு, நாய்கள் குரைக்கக் குரைக்க நடை. வழியில் திராட்சைத் தோட்டத்தில் கை வேற வச்சிருக்காங்க. (உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர், பழத்திருடன்! :-)) நிலா வெளிச்சத்தில் பார்த்தனானைப் பார்த்துட்டு அதே வழியில் திரும்பினாங்க. மொத்தம் பதிமூணு மைல், அதாவது இருபத்தோரு கிலோமீட்டர்.

விடியப் போற நேரம், கடற்கரை. கொஞ்ச தூரத்தில் ஒரு படகு. கூப்பிட்டாங்க. அப்புறம்தான் தெரியுது, அது தடையை மீறுறவங்களைப் பிடிக்கச் சுத்துற போலீஸ் படகு! கூப்பிட்டு மாட்டிக்கிறதுன்னா இதுதான். நாலு பேரும் ஒளிஞ்சுக்கிட்டாங்க. போலீஸ் தப்பான திசையில் தேடிக்கிட்டுப் போச்சு. இதுக்குள்ளே இவங்க கொடுத்த சைகை கப்பலில் கேட்டு, அங்கிருந்து வந்த படகு இருட்டிலிருந்து வெளிப்பட்டு அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. கொஞ்ச நேரத்தில் இவங்களைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிளம்பின வேற நாலு பேரை போலீஸ் துரத்தி, பாதியிலேயே படகுக்கு ஓடிவர வேண்டியதாப் போச்சு.

இந்தக் கதையில் எனக்குப் பிடிச்சது அக்ரோபோலிஸ் இல்லை, அந்தக் கப்பல் படகுதான். விடியற்காலையில் சத்தம் போடாமல் துடுப்புப் போட்டு வந்த அந்த மாலுமிகள் பேர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவங்க காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலேன்னா ட்வைன் ஏதென்ஸ் ஜெயிலில் உட்கார்ந்து எழுதியிருப்பார்.

கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம். இங்கே கதை தலைகீழ். 1889 நவம்பரில் எண்பது நாளுக்குள்ளே உலகத்தைச் சுத்திக் காட்டுறேன்னு கிளம்பின அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி ப்ளை, டிசம்பரில் கொழும்பு வந்து சேர்ந்தார். அடுத்த கப்பல் 'ஓரியன்டல்' துறைமுகத்திலேயே நிற்குது. ஆனா 'நேபாள்'னு இன்னொரு கப்பல் வந்து சேர்ந்தால்தான் இது கிளம்பும். அதுவோ ஆமை. அஞ்சு நாள் காத்துக் கிடந்தார். கண்டிக்கு ரயிலில் போய்ப் பார்த்துட்டு வந்தும் கப்பல் நகரலை. பயணி கொடியைப் பார்த்துத் தவிச்சது போக, கொடி ஏறாதான்னு தவிச்ச கேஸ் இது. 'நேபாள்' தலை தெரிஞ்ச அன்னிக்கு அது மூழ்கிப் போகட்டும்னு சபிச்சதா அவரே எழுதியிருக்கார். கடைசியில் 72 நாளில் சுத்தி முடிச்சிட்டார்ங்கிறது வேற விஷயம்.

இப்போ கொடி போய் கார்டு வந்தாச்சு. இறங்கும்போது ஒரு தேய்ப்பு, ஏறும்போது ஒரு தேய்ப்பு. யார் வரலைன்னு பேரோட தெரிஞ்சிடும். ஆனாலும் ஆளுங்க கப்பலைக் கோட்டை விடுறாங்க. பாதி வில்லங்கம் கடிகாரம். கப்பலுக்குன்னு ஒரு நேரம் உண்டு, அது கரை நேரமா இருக்கணும்னு கட்டாயமில்லை. மெக்ஸிகோவில் கோசுமெல் தீவு இருக்கிற மாநிலம் 2015 பிப்ரவரியில் நேர மண்டலத்தை மாத்திக்கிச்சு. கோடைக்காலத்திலும் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறதில்லை. மயாமியிலிருந்து வர்ற கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினா, கோடையில் தீவைவிட ஒரு மணி முன்னாடி. நம்ம புத்திசாலி செல்போனோ கரையில் கால் வச்சதும் தீவு நேரத்துக்குத் தாவிடும். நாலு மணிதானேன்னு இன்னொரு இளநி குடிச்சிட்டு வந்தா, கப்பலில் மணி அஞ்சு!

கடைசியா 2024 மார்ச். கேப்டவுனிலிருந்து பார்சிலோனா போற 'நார்வீஜியன் டான்', ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே தீவில் நின்னது. மூணு மணிக்கு எல்லாரும் ஏறியாகணும். கம்பெனி நடத்தின சுற்றுலாவில் போகாமல் தனியா ஏற்பாடு பண்ணிக்கிட்டுப் போன எட்டுப் பேர் வரலை. பிந்தி வந்தவங்களை உள்ளூர் கடலோரக் காவல்படையே படகில் ஏத்திக் கப்பல் வரைக்கும் கொண்டு போச்சு. கப்பல் அப்பவும் நங்கூரமிட்டுத்தான் நின்னதுன்னு பயணிகள் சொன்னாங்க. கேப்டன் ஏத்திக்கலை. பாஸ்போர்ட்டுகளைக் கரையில் இருந்த ஏஜென்டுகிட்டே ஒப்படைச்சிட்டுக் கப்பல் போயிடுச்சு. வயசானவங்க, ஒரு கர்ப்பிணி எல்லாம் அந்தக் கூட்டத்தில்.

கம்பெனி பக்கமும் சொல்லணும். பைலட், அடுத்த துறைமுகத்தில் இடம், அலை ஏத்த இறக்கம் எல்லாம் மணிக்கணக்கு பார்த்துப் பிடிச்சு வச்சது. ரெண்டாயிரம் பேருக்கு மேல ஏத்திக்கிட்டுப் போற கப்பலில் எட்டுப் பேருக்காக எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கம்பெனி மூலமாப் போனா நின்னு கூட்டிட்டுப் போவோம், தனியாப் போனா உங்க பாடுன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துடறாங்க. நியாயம்தான். ஆனா படகு பக்கத்திலேயே வந்தப்புறம் ஏணியை இறக்கறதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்? அங்கேதான் எனக்கு மனசு ஒப்பலை. 1867-ல் அரசாங்கப் படகு துரத்துச்சு, கப்பல் படகு வந்து காப்பாத்துச்சு. 2024-ல் அரசாங்கப் படகு கொண்டு வந்து விட்டுச்சு, கப்பல் கதவைத் திறக்கலை. அறுபது பேர் போற கப்பலில் நாலு பேரைக் காணோம்னா சாப்பாட்டு மேசையில் தெரியும், மனசும் அடிச்சுக்கும். கார்டு தேய்க்கிற மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது.

எட்டுப் பேரும் துரத்த ஆரம்பிச்சாங்க. விமானம் மாறி மாறி காம்பியாவில் பஞ்ஜுல் போய்க் காத்திருந்தா, அங்கே கப்பலால் கரைக்கு வர முடியலை. நிற்காமலேயே போயிடுச்சு! அப்புறம் சாலை வழியா செனகல். ஏப்ரல் 2-ம் தேதி டக்காரில் கப்பல் வர்றதுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்துட்டாங்க.