விளக்கு எரியுது, ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியல: யுஎஸ்பி ஆடியோவின் கதை

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்பவர்கள், பாட்காஸ்ட் நடத்துபவர்கள், ஆன்லைனில் வீணை வகுப்பு எடுப்பவர்கள் என்று பலரிடம் இன்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பெயர் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கில் வரும் ஒலியை எண்களாக மாற்றி யுஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது அதன் வேலை. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பெட்டி ஒரு நாள் திடீரென்று மக்கர் பண்ணும். விளக்கு எரியும். கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று செருகப்பட்டிருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கேபிளை மாத்து, வேற போர்ட்ல போடு, டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போடு, ரீஸ்டார்ட் பண்ணு. மந்திரம் மாதிரி வரிசையாகச் சொல்வார்கள். சில நேரம் பலிக்கும். ஏன் பலித்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

காரணங்கள் இருக்கின்றன, அவை வரலாற்றில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ஒரு சாதனத்தை ‘அடையாளம் காண்பது’ ஒரே காரியம் கிடையாது. மின்சாரம், அறிமுகம், மொழி என்று மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் கட்டினார்கள். எந்த அடுக்கில் நின்றுபோனது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

நாமே சொல்லிக்கொடுத்த காலம்

1989இல் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வந்தது. அந்தக் காலத்து பிசிக்குத் தனக்குள் என்ன செருகப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அட்டையில் ஜம்பர்களை மாற்றி, எந்த முகவரி, எந்த இன்டரப்ட், எந்த டிஎம்ஏ என்று முடிவு செய்து, அதையே டாஸ் கோப்பில் ‘ஏ220 ஐ5 டி1’ என்று எழுதிவைக்க வேண்டும். அதே இன்டரப்ட்டை வேறொரு அட்டையும் கேட்டால் இரண்டில் ஒன்று ஊமை. விண்டோஸ் 95 ‘பிளக் அண்ட் பிளே’ என்று வந்தபோது, ‘பிளக் அண்ட் பிரே’ என்று கிண்டல் செய்தார்கள். செருகு, அப்புறம் சாமியைக் கும்பிடு.

தொலைபேசியிலிருந்து தொடங்கியது

1994இல் காம்பேக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்ஈசி, நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து யுஎஸ்பி வேலையை ஆரம்பித்தன. இன்டெல் தரப்பில் முன்னணியில் இருந்தவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் 1.0 பதிப்பு வெளியானது.

ஏழு பேரில் நார்டெல்லுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அது டெலிஃபோன் கம்பெனி. யுஎஸ்பி ஏன் தேவை என்று அந்த விவரக்குறிப்பு சொல்லும் காரணங்களில் ஒன்று பிசியையும் தொலைபேசியையும் இணைப்பது. ஆக, குரலைக் கொண்டுபோவது யுஎஸ்பியில் பின்னால் ஒட்டவைத்த வசதி அல்ல, பிறவியிலேயே இருந்தது. அதற்காகவே ‘ஐசோக்ரனஸ்’ என்ற தனி அனுப்பும் முறையை வைத்தார்கள். பிரிண்டருக்குப் போகும் தரவில் பிழை வந்தால் திரும்ப அனுப்பலாம். ஒலிக்கு அது சரிப்படாது, தாமதமாக வரும் ஒலியால் பிரயோஜனம் இல்லை. அதனால் ஐசோக்ரனஸ் முறையில் நேரம் உத்தரவாதம், மறு அனுப்பல் கிடையாது. மட்டமான கேபிளில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருவது இதனால்தான்.

செருகியதும் நடப்பது என்ன?

பழைய யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. செவ்வக யுஎஸ்பி பிளக்கை உற்றுப் பாருங்கள், ஓரத்தில் இருக்கும் மின்சாரத் தகடுகள் நடுவில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் நீளம். முதலில் மின்சாரம் சேரட்டும், பிறகு பேச்சு தொடங்கட்டும் என்பது ஏற்பாடு.

மின்சாரம் வந்ததும் சாதனம் ஒரு தரவுக் கம்பியை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும். அதுதான் ‘சார், வந்திருக்கேன்’ என்று கை தூக்குவது. கம்ப்யூட்டர் ஒரு ரீசெட் கொடுத்து, ‘யார் நீ?’ என்று கேட்கும். அதுவரை சாதனத்தின் முகவரி பூஜ்யம். பிறகு 1 முதல் 127க்குள் ஒரு எண் ஒதுக்கப்படும். சாதனம் 18 பைட் நீளத்தில் தன் அறிமுக அட்டையை நீட்டும். தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் அதில் இருக்கும். அடுத்து வரும் விவரப் பட்டியலில் எனக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும், நான் இந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்று சொல்லும். ஆடியோவுக்கு வகுப்பு எண் 1.

இங்கேயே முதல் மந்திரத்துக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது. சார்ஜ் செய்வதற்கென்றே வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே கிடையாது. விளக்கு எரியும், கை தூக்க வழியில்லை. விளக்கு எரிவது மின்சாரத்துக்கு மட்டும்தான் சாட்சி.

மின்சாரத்திலும் ஒரு கணக்கு உண்டு. யுஎஸ்பி 2.0இல் அறிமுகம் முடியும் வரை 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். அனுமதி கிடைத்த பிறகு 500 வரை. சொந்தமாக அடாப்டர் இல்லாத ஹப் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100தான் தர முடியும். உங்கள் பெட்டியோ 5 வோல்ட்டை வாங்கி, கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவராக ஏற்றித் தர வேண்டும். அந்த மாதிரி ஹப்பில் போட்டால் அது அறிமுகத்திலேயே மயங்கிவிழும், இல்லாவிட்டால் 48 வோல்ட் பட்டனை அழுத்தியதும் காணாமல் போகும்.

அந்த நாளில் இந்த அறிமுகப் படலம் பெரிய ஆட்களையே கவிழ்த்தது. 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில் நிற்க, கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98இன் சோதனைப் பதிப்பில் ஒரு யுஎஸ்பி ஸ்கேனரைச் செருகினார். திரை முழுக்க நீலம். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இரண்டு மாதம் கழித்து ஜூன் 25 அன்று விண்டோஸ் 98 விற்பனைக்கு வந்தது.

பதினொரு வருஷ இடைவெளி

அதே 1998இல்தான் யுஎஸ்பி ஆடியோ வகுப்பு 1.0 வெளியானது. யோசனை அருமையானது. எல்லா ஆடியோ சாதனமும் ஒரே மொழியில் பேசினால், இயங்குதளத்தில் ஒரே ஒரு டிரைவர் போதும். யார் செய்த பெட்டியாக இருந்தாலும் செருகினால் ஓடும். இன்று ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்று அட்டைப்பெட்டியில் போடுவது இதைத்தான்.

சிக்கல் வேகத்தில் வந்தது. அன்றைய யுஎஸ்பி நொடிக்கு 12 மெகாபிட். ஒரு மில்லி நொடிக்கு ஒரு சட்டம், அதில் ஒரு ஐசோக்ரனஸ் பொதிக்கு அதிகபட்சம் 1023 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் 48 × 2 × 3 = 288 பைட். தாராளமாகப் போகும். ஒரு டிரம் செட்டுக்கு 8 மைக் வைத்தால்? 48 × 8 × 3 = 1152. போகாது. அவ்வளவுதான் மேட்டர்.

2000 ஏப்ரலில் யுஎஸ்பி 2.0 வந்து வேகம் 480 மெகாபிட் ஆனது. அந்த வேகத்துக்கு ஏற்ற ஆடியோ வகுப்பு 2.0 வந்ததோ 2006இல். வந்த பிறகாவது இயங்குதளங்கள் உடனே ஏற்றனவா? ஆப்பிள் 2010 வாக்கில் சேர்த்தது. லினக்ஸில் டேனியல் மாக் அதே 2010இல் எழுதிச் சேர்த்தார். விண்டோஸில் வந்தது 2017 ஏப்ரலில், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில். விவரக்குறிப்பு வந்து பதினொரு வருஷம் கழித்து.

இடையில் தயாரிப்பாளர்கள் சும்மா இருக்க முடியுமா? ஆளுக்கொரு டிரைவர் எழுதினார்கள். பலர் பொது வகுப்பையே விட்டுவிட்டுச் சொந்த மொழி வைத்துக்கொண்டார்கள். தாமதம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் 1997இல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த ஏசியோ முறைக்கும் அவர்கள் டிரைவரே கதி. பெட்டி நன்றாக ஓடியது, டிரைவர் இருக்கும் வரை.

அந்த ‘இருக்கும் வரை’யில்தான் வினை. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விஸ்டா முதல் 64 பிட் விண்டோஸ் கையொப்பமில்லாத டிரைவரை ஏற்பதில்லை. இப்போது ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு சில பழைய டிரைவர்களைத் தடுக்கிறது. ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் மடிக்கணினிக்கு ஆர்ம் டிரைவரே வேண்டும். ஆப்பிளின் எம்1 வகைக் கணினிகளில் மூன்றாம் ஆள் கெர்னல் நீட்சியை ஏற்ற, ரெக்கவரிக்குள் போய்ப் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்து செய்தது என்னவென்றால், ப்ரீஆம்ப் நன்றாக இருக்கும், சிப் நன்றாக இருக்கும் பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பியது.

இரண்டு விஷயங்கள் எதிர்த்திசையில் வேலை செய்தன. ஒன்று ஐபேட். நெடுங்காலம் அதில் டிரைவர் நிறுவ வழியே இல்லை. அதில் ஓட வேண்டுமானால் பொது மொழி பேசியே ஆக வேண்டும். அதனால் சில பெட்டிகளில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ நிலைக்கு மாற்ற ஒரு பட்டனோ மெனுவோ இருக்கிறது. இன்னொன்று லினக்ஸ். அதன் யுஎஸ்பி ஆடியோ டிரைவருக்குள் ‘குவர்க்ஸ்’ என்று ஒரு பட்டியல் உண்டு. இந்தத் தயாரிப்பாளர் எண், இந்தப் பொருள் எண் வந்தால் இது சொல்வதை அப்படியே நம்பாதே, இப்படி நடத்து என்று சாதனம் சாதனமாக எழுதிவைத்திருக்கிறார்கள். பலர் வருஷக்கணக்கில் சேர்த்தது.

இப்போது உங்கள் பெட்டி

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள்.

செருகும்போது பட்டியலில் ஒரு அசைவும் இல்லை என்றால், கை தூக்கவே இல்லை என்று அர்த்தம். கேபிள், போர்ட், பெட்டியின் சாக்கெட், இவற்றைப் பாருங்கள். டிரைவரைத் தொட்டுப் பயனில்லை.

‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’, கோட் 43, டிஸ்கிரிப்டர் கேட்டது தோல்வி என்று வந்தால், கை தூக்கியது, ஆனால் அறிமுக அட்டையை நீட்ட முடியவில்லை. ஹப்பை எடுத்துவிட்டுக் கணினியில் நேரடியாக, சின்ன கேபிளில் செருகுங்கள். அடாப்டர் போடும் வசதி பெட்டியில் இருந்தால் போடுங்கள்.

பெயர் சரியாக வந்து கோட் 28 என்று காட்டினால், அறிமுகம் முடிந்தது, மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. டிரைவர் நிறுவ வேண்டியது இங்கேதான். கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. பழைய டிரைவரை முழுசாக எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

வேறு போர்ட்டில் போட்டால் ஏன் சில நேரம் சரியாகிறது? சாதனத்துக்குத் தனி வரிசை எண் இல்லாவிட்டால், போர்ட் மாறியதும் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாகவே பதிவு செய்கிறது. பழைய போர்ட்டில் கெட்டுப்போன பதிவு அங்கேயே கிடக்கும், இங்கே எல்லாம் முதலிலிருந்து நடக்கும்.

எல்லாம் சரி, ஒலிதான் இல்லை என்றால் யுஎஸ்பியை விட்டுவிடுங்கள். மைக் தனியுரிமை அனுமதி, மென்பொருளில் எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது, சாம்பிள் ரேட் ஒத்துப்போகிறதா, இவைதான் மிச்சம்.

டிரைவரே கிடைக்கவில்லை, பரணில் போட்டுவிடலாம் என்று தோன்றினால் அதற்கு முன் ஒரு வேலை. ஒரு பென் டிரைவில் உபுன்டுவை ஏற்றி, நிறுவாமல் அப்படியே பூட் செய்து, பெட்டியைச் செருகுங்கள். ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை தரும் பட்டியலில் அதன் பெயர் வந்தால் மின்சாரமும் அறிமுகமும் நலம். ஒலி அமைப்பிலும் அது தெரிந்து பேசினால் பெட்டி முழுசாக உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு வேண்டாம் என்றாலும் லினக்ஸ் வைத்திருக்கும் ஒரு காலேஜ் பையனுக்கோ பொண்ணுக்கோ கொடுங்கள், இன்னும் பல வருஷம் பாடும்.