பழவேற்காட்டில் சக்கரம்

பழவேற்காட்டின் வரலாற்றை நாம் படகுகளின் வரலாறாகவே படித்திருக்கிறோம். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களின் துணிமூட்டைகள் கடல்வழி சென்றன. 1878இல் பக்கிங்காம் எனப் பெயர்பெற்ற கால்வாயின் தோணிகள் ஏரி வழியே விறகும் உப்பும் சென்னைக்குக் கொண்டுசென்றன. மோட்டார் வண்டி இங்கே தாமதமாக வந்த விருந்தாளி.

அதன் பின்அச்சின் நடுவே இருப்பது டிஃபரன்ஷியல். 1820களின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான பெக்கர் நீராவி வண்டிக்கென வகுத்த ஏற்பாடு அது. வளைவில் வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல அது விட்டுக்கொடுக்கிறது. மணலில் அந்தப் பண்பே பிழையாகிறது. பிடிப்பற்ற சக்கரம் வீணே சுழல, மற்றது அசையாமல் நிற்கிறது. 1941இல் போர்க்களத்துக்கென உருவான ஜீப்பில் முன்அச்சும் சேர்ந்து இழுத்தது. ஆனால் ஒவ்வோர் அச்சிலும் இக்குறை தொடர்ந்தது.

உவர்நீர் இன்னொரு பகை. ஓடிச் சூடேறிய அச்சு நீரில் இறங்கியதும் குளிர்ந்து, மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சும். உள்ளிருக்கும் எண்ணெய் மோர்போல் வெளுக்கும். பேரிங் துருப்பிடிக்கும், பற்கள் தேயும்.

கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்க்கப்பட்டவை. செலவுக்கு அஞ்சி ஒன்றை மட்டும் மாற்றினால் அச்சு முனகத் தொடங்கும். நாளடைவில் புதியதும் பாழாகும். இணையாக மாற்றி, இடைவெளியைத் தகடு வைத்துச் சரிசெய்வதே முறை. மீன் ஏற்றிய வண்டி வழியில் நின்றால் ஐஸ் காத்திருக்காது; ஒரு குப்பத்தின் அன்றைய உழைப்பு மணலிலேயே கெடும்.

கோட்டையின் எச்சங்களுக்கும் டச்சுக் கல்லறைகளுக்கும் பக்கங்களை ஒதுக்கும் நாம், இந்த எண்ணெய்க் கைகளின் அறிவுக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்க வேண்டாமா?