பழைய வள்ளத்துக்குப் புது இஞ்சின்

சர்வர் பழசாகிவிட்டால் ரெண்டு வழி. இருக்கிற பெட்டியிலேயே புது மென்பொருளை ஏற்றலாம். இல்லாட்டி புதுப் பெட்டி வாங்கி எல்லாத்தையும் அதுக்கு மாற்றலாம். இது கணினிக்காரரின் தலையிடி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் கற்பிட்டிக் கரை உட்பட எங்கட கடற்கரைகளில் இதே கேள்வி 1950களிலேயே வந்து நின்றது. பெட்டிக்குப் பதிலாக வள்ளம், மென்பொருளுக்குப் பதிலாக இஞ்சின்.

வள்ளம் ஒரே மரத்தைக் குடைந்து செய்வது. ஒடுங்கிய உடம்பு, ரெண்டு முனையும் கூர். பாய்க்கும் துடுப்புக்கும் அளந்து செய்த மாதிரி இருக்கும். பின்பக்கம் தட்டையாக இல்லாததால் இஞ்சினைக் கொளுவ இடமில்லை. உள்ளே வைத்தால் பாரமும் அதிர்வும் தாங்காது.

அக்கரையிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1952இல் இந்தியா, நோர்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கேரளத்தின் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலையைத் தொடங்கின. முதலில் உள்ளூர் வள்ளங்களுக்கே இஞ்சின் பூட்டப் பார்த்தார்கள். சரிவரவில்லை. புதுப் படகு கட்டினார்கள். அது கடைசியில் இறாலுக்கு இழுவைப் படகுகளில் போய் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், பாரம் குறைந்த இஞ்சின்கள் கைக்கு வந்த 1980களில் கேரள மீனவர் தங்கட வள்ளங்களிலேயே அதைப் பூட்டி ஓடினார்கள். முடியாது என்று விட்டது, முப்பது வருஷம் கழித்து முடிந்தது.

இலங்கையில் 1950களின் கடைசியில் அரசு 28 அடி, மூன்றரைத் தொன் டீசல் படகுகளைத் தவணைக் கடனில் கொடுத்தது. வள்ளத்தை நாலு பேர் பிடித்து மணலில் ஏற்றிவிடலாம். இதை ஏற்ற முடியாது, நங்கூரம் போட அமைதியான தண்ணி வேணும். அதாவது படகை மாற்றினால் கரையையும் மாற்ற வேணும். கடன் கட்ட முடியாமல் போனவர்களும் கொஞ்சம் பேர் இல்லை.

கரையை வென்றது அதற்குப் பிறகு வந்த சின்ன பைபர் படகுதான். பதினெட்டு அடி அளவு, தட்டையான பின்பக்கம், மணலில் இழுத்து ஏற்றலாம். இப்போது தெப்பத்தையும் வள்ளத்தையும்கூட அதே உருவில் பைபரில் வார்க்கிறார்கள்.

ஆனால் பாய்க்குக் காற்றுப் போதும், இந்த இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேணும். பிடிபட்ட மீனைப் பங்கு வைக்க முதல் எண்ணெய்ச் செலவைக் கழிக்க வேண்டி வந்தது. பாய் கட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

சர்வர் மாற்றுகிறவர்கள் பழைய பெட்டியை உடனே அணைப்பதில்லை. புதுசு பிசகினால் திரும்பி வர ஒரு வழி வைத்திருப்பார்கள். கரையில் அப்படி ஒரு வழி மிஞ்சவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கடன்பட்டு ஒரு படகு வாங்கியவர் இன்னொன்றை எங்கே வைத்துப் பராமரிப்பார்?

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. படகு நல்ல படகு, இஞ்சின் நல்ல இஞ்சின், ரெண்டும் மணலில் கிடந்தன. புத்தளம் களப்பில் துடுப்புப் போட்டுப் போற வள்ளக்காரருக்குத்தான் அந்த விலை எதுவும் செய்யவில்லை.