முத்தவல்லி இல்லாத வக்ஃபு
(கணிப்பொறி இயங்குதளங்களின் வரலாறு குறித்து)

கல்வியை ஓர் அமானிதம் என்று கருதியவர்கள் நம் முன்னோர்கள். ஓர் உஸ்தாதிடம் ஒரு கிதாபை ஓதி முடித்த மாணவர், அதனைப் பிறர்க்கு ஓதிக் கொடுக்க ‘இஜாஸா’ என்னும் அனுமதியைப் பெற்றார். பெற்றபின் அக்கல்வியைப் பூட்டி வைக்கத் தமக்கு உரிமையில்லை என்றே அவர் எண்ணினார். கிதாபைப் பார்த்துப் படியெடுக்கலாம். அதற்கு ஷரஹ் எழுதலாம். அந்த ஷரஹுக்கு மற்றொருவர் ஹாஷியா எழுதலாம். மூலமும் உரையும் உரைக்கு உரையுமாக வளர்ந்த நூற்பரம்பரை இவ்வழியாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தது. இம்மரபை அறிந்தோர்க்கு, இன்று கணிப்பொறி உலகில் நடைபெற்று வரும் ஒரு நெடிய வழக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாது.

அவ்வழக்கு இதுதான்: வீட்டிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கணிப்பொறியைக் கையாளும் சாமானியர், ஒரு நிறுவனம் விலைக்கு விற்கும் இயங்குதளத்தைக் கொள்வதா, மூல நிரலைத் திறந்து வைத்து எவரும் எடுத்துக்கொள்ளுமாறு விடப்பட்ட கட்டற்ற இயங்குதளத்தைக் கொள்வதா? இயங்குதளம் என்பது பொறிக்கும் நமக்கும் இடையே நின்று, நாம் தட்டும் எழுத்தைத் திரைக்கும், திரையில் உள்ளதை அச்சுப்பொறிக்கும் கொண்டு சேர்க்கும் அடிப்படை மென்பொருள். அது இல்லாத கணிப்பொறி வெறும் பெட்டி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முதல் வகையைச் சார்ந்தது. லினக்ஸ் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

அறிஞர்களின் விவாதமாக இருந்த இது, 2025 அக்டோபர் 14ஆம் நாள் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அன்றோடு விண்டோஸ் 10க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. நீட்டிப்புக்காகத் தனியே பதிந்துகொண்டோர்க்குச் சிறிது தவணை மட்டும் கிடைத்தது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமாயின் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். ஆகவே பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் நன்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணிப்பொறிகள் பல, உறுப்பில் பழுது ஏதும் இல்லாமலேயே பயனற்றவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதா, லினக்ஸ் ஏற்றி வைத்துக்கொள்வதா என்னும் கேள்விக்கு விடை காண, இவ்விரண்டும் வந்த வழியை அறிதல் வேண்டும்.

விலைக்கு வந்த நிரல்

தொடக்க காலத்தில் நிரலுக்கென்று பெரும்பாலும் தனி விலை இருந்ததில்லை. பெருங்கணிப்பொறியை வாங்குவோர்க்கும் வாடகைக்கு எடுப்போர்க்கும் நிரல் அதனோடு சேர்ந்தே வந்தது. ஐபிஎம் பொறிகளைக் கையாண்டோர் 1955இல் ‘ஷேர்’ என்ற பெயரில் ஒன்றுகூடித் தாம் எழுதிய நிரல்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். 1969இல் ஐபிஎம் நிறுவனம் நிரல்களுக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. மென்பொருள் என்னும் தனி வாணிகம் வளர அது வழிவகுத்தது.

1976ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாமும் தம் நண்பர்களும் உழைத்து உருவாக்கிய நிரலைப் பெரும்பாலோர் காசு கொடாமல் படியெடுத்துக் கொள்கின்றனர் என்பது அவர் முறையீடு. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்ற அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1981இல் ஐபிஎம் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டபோது, அதற்கான இயங்குதளத்தை வழங்கிய மைக்ரோசாஃப்ட், அதனைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் பெருஞ்செல்வத்திற்கு அந்த ஓர் உரிமையே வித்தாயிற்று. 1985இல் விண்டோஸ் வெளிவந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றி வந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு வந்த புதிய அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அதன் நிரலைச் சற்றே திருத்தினால், சிக்கல் நேர்ந்ததும் உரியவர்க்குச் செய்தி போகுமாறு செய்துவிடலாம். ஆனால் மூல நிரலை வைத்திருந்தவர், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறித் தர மறுத்துவிட்டார். தம் கையிலிருக்கும் பொருளைத் தாமே செப்பனிட முடியாத இந்நிலை அவரைச் சிந்திக்க வைத்தது. 1983இல் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்கெனப் பொது உரிமம் ஒன்றையும் வெளியிட்டார். 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கல்லூரி மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவை எழுதி உலகிற்குத் தந்தார். அடுத்த ஆண்டு அது குனூ உரிமத்தின் கீழ் வந்தது. அக்கருவும் குனூ நிரல்களும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று வழங்கும் இயங்குதளம்.

வாகிஃபின் நிபந்தனை

இந்தப் பொது உரிமத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள நம்மிடம் ஓர் அரிய சொல் இருக்கிறது. அதுவே வக்ஃபு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வது என்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டறிந்து, அதன் மூலத்தை விற்கவும் வழங்கவும் வாரிசுரிமையாக்கவும் இயலாதவாறு நிறுத்தி, விளைச்சலை ஏழை எளியோர்க்கும் வழிப்போக்கர்க்கும் ஆக்கிய வரலாற்றை நாம் அறிவோம். மூலம் நிற்கும், பயன் ஓடும். கட்டற்ற மென்பொருளின் உரிமமும் இத்தகையதே. எவரும் எக்காரியத்திற்கும் அதனைப் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படித்துத் திருத்தலாம். பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். திருத்திய படியையும் பரப்பலாம். ஆனால் பிறர்க்குத் தருகின்றவர், தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்க்கும் தர வேண்டும். வேலி போட்டுத் தமதாக்கிக்கொள்ள இயலாது.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, வக்ஃபு செய்யப்பட்ட பொருள் வாகிஃபின் உடைமையை விட்டு நீங்கிவிடுகிறது. மென்பொருளிலோ காப்புரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. அவ்வுரிமையைக் கொண்டே அவர் நிபந்தனை விதிக்கிறார். உடைமை வாகிஃபிடமே நிற்கும் என்னும் மாலிக்கி மத்ஹபின் கருத்து இதற்குச் சற்று நெருங்கியது. ஆசிரியர் வேறொருவர்க்கு வேறு நிபந்தனையிலும் தம் ஆக்கத்தைத் தரலாம். ஆனால் நிபந்தனையை மீறாதவரிடமிருந்து, முன்பு கொடுத்ததைத் திரும்பப் பெற அவரால் இயலாது.

ஈண்டு மற்றொரு மயக்கத்தையும் நீக்கிவிடல் நலம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே குழப்பம் மிகுதி. அரபியில் விலையில்லாதது ‘மஜ்ஜானி’. விடுதலை பெற்றது ‘ஹுர்ர்’. தமிழிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லினக்ஸை விலைக்கு விற்பதும் ஆகுமானதே. அதனைச் சார்ந்தே வாணிகம் செய்துவந்த ரெட்ஹாட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ஆகவே வழக்கு வாணிகத்திற்கும் தருமத்திற்கும் இடையில் அன்று. உள்ளே இருப்பதைப் படிக்கவும் செப்பனிடவும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே வழக்கு.

இரு மாநிலங்கள், இரு வழிகள்

இனி, இவ்வழக்கு தமிழகத்தில் நடந்த விதத்தைக் காண்போம். தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகத்தில் விண்டோஸை விடுத்து சூசே லினக்ஸுக்கு மாறியது; அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணிப்பொறிகளிலும் அதனைக் கொண்டு சென்றது. அதே 2007இல் சென்னையிலுள்ள சிடாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே ஏற்றித் தரப்பட்டன. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய ஆதரவு முடிவுற்ற வேளையில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை ஏற்றிக்கொள்ளலாம் என்ற அறிவுறுத்தலும் பிறந்தது.

ஆணைகளுக்குக் குறைவில்லை. ஆனால் விளைவு யாது? மடிக்கணினி பெற்ற நம் வட்டார மாணவர்களுள் பாஸ் பக்கத்தை ஒரு முறையேனும் திறந்து பார்த்தோர் சிலரே. பள்ளியில் அதனைக் கற்பித்தவர் இல்லை. கடைத்தெருவில் அதனைச் செப்பனிடுவோரும் இல்லை. பழுதென்று கொண்டு சென்றால், பொறியைத் துடைத்து விண்டோஸை மட்டும் ஏற்றிக் கொடுத்தனர்.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. கேரள அரசு 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப் பெற்றது. அங்கே முதலில் ஆசிரியர்கள் பயிற்றப்பட்டனர். பயின்றவர்கள் பிற ஆசிரியர்களைப் பயிற்றினர். பாடநூல்கள் லினக்ஸுக்கேற்ப எழுதப்பட்டன. 2008ஆம் ஆண்டளவில் பத்தாம் வகுப்புக் கணிப்பொறித் தேர்வே கட்டற்ற மென்பொருளில் நடைபெறலாயிற்று. அத்திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் 2019இல் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் புதிய லினக்ஸ் பதிப்பை ஏற்ற முற்பட்டபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டியது.

மென்பொருள் ஒன்றே, மாநிலம் வேறு. வேறுபாடு எங்கே? வக்ஃபுச் சொத்து இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பராமரிக்க முத்தவல்லி வேண்டும். கேரளத்தில் ஆசிரியர்கள் முத்தவல்லிகளாயினர். இங்கே சொத்தை ஒப்படைத்தனர். முத்தவல்லியை நியமிக்க மறந்தனர். பார்ப்பாரற்ற வக்ஃபு நிலம் முட்புதரானதில் வியப்பில்லை.

மூன்றாம் வழி

இவ்வழக்கில் பெரும்பாலோர் வாய்விட்டுக் கூறாத மூன்றாம் வழி ஒன்றுண்டு. விலை கொடுத்து விண்டோஸ் வாங்குவதும் இல்லை. லினக்ஸ் பயில்வதும் இல்லை. பூட்டை உடைத்த திருட்டுப் படியை ஏற்றிக்கொள்வதே அவ்வழி. லினக்ஸ் பரவாமைக்கு விண்டோஸின் சிறப்பு மட்டும் காரணமன்று. விண்டோஸின் திருட்டுப் படியும் ஒரு பெருங்காரணமாகும். விலையின் சுமை தோளில் ஏறாதவரை, வேறு வழி உண்டா என்று யார் தேடுவார்?

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே என்றும், அவற்றின் மீது அத்துமீறுதல் ஆகாது என்றும் தீர்மானித்தது. நிறுவனம் செல்வமுடையது என்பதால் அதன் உரிமை நமக்கு ஹலாலாகிவிடாது. வாங்க இயலாதவர்க்கு வேறு வழியே இல்லையெனில் இடுக்கண் என்று சொல்ல இடமிருக்கலாம். ஆனால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்த வாசல் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது, சுவரேறிக் குதிப்பதற்கு என்ன சாக்கு உண்டு?

எழுத்தும் ஹர்ஃபும்

தமிழும் அரபியும் பயில்வோர்க்கு இவ்வழக்கில் தனிப் பங்குண்டு. முன்பு ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் குறியெண் வைத்தது. பாமினியில் அடித்த கட்டுரை வானவில்லில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அச்சகம் மாறினால் மீண்டும் முதலிலிருந்து தட்ட வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பொதுத் தரம் வந்தபின்னரே எழுத்து எழுதியவனுக்குரியதாயிற்று.

இன்று நம் கைப்பேசித் திரையில் தமிழ்க் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்வதற்கும், அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று இணைவதற்கும் துணைநிற்பது ‘ஹர்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற நிரல். அதனை வளர்த்தவர் ஈரானியரான பெஹ்தாத் இஸ்ஃபஹ்பூத். ஹர்ஃப் என்பது எழுத்து. பாஸ் என்பது பார்சியில் திறந்தது. நம் மதரஸாக்களில் போற்றப்படும் புலாக் அச்சகத்தின் எழுத்தழகை மீட்டெடுத்த ‘அமீரி’ எழுத்துருவை எகிப்தியரான காலித் ஹுஸ்னி ஆக்கிக் கட்டற்றதாக வழங்கினார். லினக்ஸ் நமக்குப் பழக்கமில்லை என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸின் கருவே. மேலே ஏற்றப்படும் செயலிகள் பல கட்டுடையனவாயினும், அடியிலிருப்பது பொதுச் சொத்துத்தான்.

நிறுத்துப் பார்த்தால்

நடுநிலையோடு நோக்குவோமாயின், இருதட்டிலும் எடையுண்டு. டேலியில் கணக்கெழுதும் வணிகரும், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்வோரும் இன்று விண்டோஸை விடுதல் எளிதன்று. அவர்கள் உரிய விலை கொடுத்து வாங்குவதே முறை. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். ஆனால் கடிதம் எழுதுவோர், இணையத்தில் படிவம் நிரப்புவோர், பாடம் பயிலும் பிள்ளைகள், கிதாபுகளைத் திரையில் படிப்போர் ஆகியோர்க்கு லினக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் போதும். ஒதுக்கப்பட்ட பழைய பொறியும் எடை குறைந்த லினக்ஸ் பதிப்பில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

வேண்டுவது முத்தவல்லிகளே. பேட்டையிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி இருக்கிறது. இவற்றில் பயிலும் இளைஞர்கள் தெருவுக்கு ஒருவர் லினக்ஸ் ஏற்றவும் செப்பனிடவும் கற்றுக்கொண்டு, அதனைக் கூலிக்கே செய்தாலும் அது நற்பணிதான். மஹல்லா ஜமாஅத்துகள், பழைய கணிப்பொறிகளைத் திரட்டிச் செப்பனிட்டு மக்தபுக்கும் நூலகத்திற்கும் வைக்கலாம். 2012 முதல் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் இவற்றைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. மொழி தடையென்று சொல்வதற்கும் இடமில்லை.

உலகின் பல மூலைகளில் முகமறியா மனிதர்கள் தம் உழைப்பை நிறுத்தி வைத்துப் பயனை ஓடவிட்டிருக்கின்றனர். அப்பயனில் நமக்கும் பங்குண்டு. பராமரிக்கும் பொறுப்பிலும் பங்குண்டு.