கருவின் அமைப்பாளர்

ஒரே முட்டையிலிருந்து பிரிந்த உயிரணுக்களுள் சில தோலாகின்றன, சில நரம்பாகின்றன. எல்லாவற்றினுள்ளும் இருப்பவை ஒரே ஜீன்களே. பின் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றுகிறது? இவ்வினாவின் வரலாற்றில், இருபத்தைந்தே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கைத்திறன் நிலைத்து நிற்கிறது.

ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பீமானிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர் ஹில்டே மாங்கோல்டு அம்மையார். 1921, 1922 ஆம் ஆண்டுகளில் அவர் சோதித்தது நியூட்டின் கருவை. நியூட் என்பது தவளைக்கு உறவான, வாலுள்ள சிறு பிராணி. அதன் கரு ஓரிரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெளிர்நிற இனத்துக் கருவில் உயிரணுக்கள் உள்மடியத் தொடங்கும் வாயின் மேலுதட்டைச் சிறிது வெட்டியெடுத்து, கருநிற இனத்துக் கருவின் வயிற்றுப்புறத்தில் பதித்தார். கண்ணாடி ஊசியும் மயிர் வளையமுமே கருவிகள். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம்; பெரும்பாலான கருக்கள் மடிந்தன. கட்டுரையில் விரிவாக விளக்கப் பெற்றவை ஆறே.

பிழைத்தவற்றின் வயிற்றிலோ இரண்டாவது கருவொன்று உருவாகியிருந்தது! அதன் நரம்புக் குழாய் பெரும்பாலும் கருநிறம். அதாவது, பதித்த துண்டு தானே நரம்பாகிவிடவில்லை. தோலாகவிருந்த அயல் உயிரணுக்களை நரம்பாக்கிற்று. ஸ்பீமான் அத்துண்டுக்கு ‘அமைப்பாளர்’ எனப் பெயரிட்டார்.

கட்டுரை 1924 இல் ஸ்பீமானின் பெயரை முன்னிட்டு வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அம்மையார் வீட்டில் தீக்காயமுற்று இறந்தார். 1935 இல் நோபல் பரிசு ஸ்பீமானுக்குக் கிடைத்தது. இறந்தோருக்கு அப்பரிசு இல்லை என்பது மெய்யே. ஆயினும் ஸ்பீமானை மட்டும் குறிப்பிடும் நூல்கள் பாதிக் கதையையே சொல்கின்றன.

அமைப்பாளர் விடுக்கும் செய்தி யாது? 1930களில் குழப்பமே மிஞ்சிற்று. கொல்லப்பட்ட திசுவும் நரம்பைத் தோற்றுவித்தது. மெத்திலீன் நீலம் என்னும் சாயமுங்கூடத் தோற்றுவித்தது.

1992 இல் நாகின், 1994 இல் கார்டின் என்னும் புரதங்கள் தவளைக் கருவில் கண்டறியப்பட்டபின் விடை துலங்கிற்று. பி.எம்.பி. என்னும் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் பற்றியதும், செய்தி உட்கருவை அடைந்து தோலுக்குரிய ஜீன்களை இயக்குகிறது, நரம்புக்குரியவற்றை அடக்குகிறது. அமைப்பாளர் சுரக்கும் நாகினும் கார்டினும் அந்தப் பி.எம்.பி.யை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ‘நரம்பாகு’ என்பதன்று, அமைப்பாளரின் ஆணை. ‘தோலாகு’ என்னும் ஆணையை அது தடுக்கிறது. தவளைக் கருவின் அவ்வுயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து வைத்தால், அமைப்பாளரின்றியே நரம்பாகின்றன என்று 1989 இலேயே காட்டியிருந்தனர். பிரிந்த உயிரணுக்களைச் சுற்றிலும் பி.எம்.பி. நீரில் கரைந்து போய்விடுகிறது என்பது பிறகே விளங்கிற்று.