தாஜ் ஓட்டல் மேடையும் எங்க தாத்தாவின் பறையும்

1935 நவம்பரில் அமெரிக்கக் கறுப்பர்களின் இசைக்குழு ஒன்று பம்பாய்க்கு வந்தது. மினியாபோலிஸ் ஊர்க்காரரான லியான் அபே என்ற வயலின்காரர்தான் தலைவர். கடலைப் பார்த்து நிற்கிற தாஜ்மகால் ஓட்டலின் நடன மண்டபத்தில் அவர்கள் ஜாஸ் வாசித்தார்கள். கேட்டு ஆடியவர்கள் வெள்ளைக்காரத் துரைகள், சமஸ்தான ராஜாக்கள், பார்சி முதலாளிகள். அதற்கு ஒரு மாதம் போல முன்பு, அக்டோபர் 13இல், அதே மாகாணத்தின் நாசிக் ஜில்லா இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்திருந்தார். வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு சேதிகளையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், தப்பில்லை.

திருவண்ணாமலையிலிருந்து நான் மும்பை போனது தாராவியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு. போன எடத்தில் தாஜைப் பார்க்கணும் என்றேன். "அங்க ஒரு டீ குடிச்சா என் ஒருநாள் கூலி பூடும் மாமா" என்று சிரித்துக்கொண்டே மச்சான் கூட்டிப்போனார். 2008 தாக்குதலுக்குப் பிறகு அங்கே சோதனை கடுமை. பையைத் திறக்கச் சொன்னார்கள். எந்த ஊரு, எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உள்ளே அந்தரத்தில் தொங்குவது போல ஒரு மாடிப்படி, மேலே குவிமாடம். அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். 1949இல் பம்பாயில் வந்த மதுவிலக்குச் சட்டத்தோடு அந்த ஜாஸ் காலம் ஒடுங்கிப்போனது. வெளியே வந்து கடலோரச் சுவரில் குந்தி வடாபாவ் தின்றுகொண்டே மச்சானுக்கு நான் படித்த கதையைச் சொன்னேன்.

கறுப்பர்கள் ஏன் அத்தனை தூரம் கப்பலேறி வந்தார்கள்? சொந்த ஊரில் அவர்களுக்கு மேடை இருந்தது, நாற்காலி இல்லை. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்கிற ஹார்லெம் பகுதியிலேயே காட்டன் கிளப் என்று ஒன்று இருந்தது. வாசிக்கிறவர், ஆடுகிறவர், பரிமாறுகிறவர் எல்லாம் கறுப்பர். குந்திக் கேட்கிறவர் வெள்ளையர். டியூக் எலிங்டன் 1927 முதல் வாசித்துப் பெயரெடுத்த இடம் அது. அவருடைய சனங்கள் காசு கொடுத்தாலும் உள்ளே உட்கார முடியாது. தெற்கு மாநிலங்களில் ரயில் பெட்டி தனி, தண்ணிக் குழாய் தனி. இதைப் படிக்கிறபோது நம்ம ஊர் டீக்கடைத் தனிக் குவளை ஞாபகம் வராதவர் யார்?

அதனால்தான் பாரிஸ், ஷாங்காய், பம்பாய் என்று கிளம்பினார்கள். டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக்காரர் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்தவர். 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்டவர், 1936 வாக்கில் தாஜுக்கு வந்தார். பிறகு கல்கத்தா கிராண்ட் ஓட்டல். 1945 ஏப்ரலில் அங்கேயே காலராவில் செத்துப்போனார். வயசு 41.

இந்தக் கறுப்பர்களிடம் கேட்டும் கூட வாசித்தும் கோவாக்காரர்கள் பலர் ஜாஸ் பழகினார்கள். அதில் சிக் சாக்லேட் என்று பேர் வைத்துக்கொண்ட டிரம்பட்காரர் தாஜிலேயே தனிக்குழு நடத்தினார். 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் சி. ராம்சந்திராவின் இசைக்குப் பின்னால் இருந்தவர் அவர். இந்தி சினிமாப் பாட்டுக்கு வாத்தியம் கோத்துக் கொடுத்த கோவாக்காரர்கள் பெயர் பெரும்பாலும் திரையில் வராது. இது தனியாக எழுத வேண்டிய கதை.

தாஜைப் பெரிய சமத்துவபுரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கறுப்பனை அடிமைப்படுத்தி ஆண்டவன், இன்னொரு கறுப்பன் வாசிக்க ஆடினான், அவ்வளவுதான். ஆனால் அபேயும் வெதர்ஃபோர்டும் ஒப்பந்தம் போட்டு வந்தார்கள். இத்தனை நாள், இவ்வளவு பணம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊர். எங்க தாத்தாவுக்கு இல்லாதது அதுதான்.

தாத்தா பறை அடித்தவர். நடுராத்திரியில் ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். "பெரிய உசுரு பூடுச்சி, வாங்கடா." காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போகணும். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, மெல்லிசான மூங்கில் குச்சி ஒரு கையில், கட்டைக் குச்சி ஒரு கையில், பொழுது விடிய விடிய அடிக்கணும். கூலி களத்துமேட்டில் அளக்கிற நெல், அதுவும் அளக்கிறவன் மனசைப் பொறுத்தது. வரமாட்டேன் என்றால் மறுநாள் ஏரிக்கரையில் மாடு ஓட்ட முடியாது, ஊர்க் கடையில் உப்பு கிடைக்காது.

அமெரிக்காவில் 1739இல் தென் கரோலினா அடிமைகள் முரசடித்துக் கிளர்ந்தார்கள். அடுத்த வருசமே அடிமைகள் முரசு வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அங்கே அடித்தால் தண்டனை. இங்கே அடிக்காவிட்டால் தண்டனை. ஒருத்தன் கேள்வியாக அடிக்க மற்றவர்கள் பதிலாக அடிப்பது ஜாஸிலும் உண்டு, பறையிலும் உண்டு என்று இப்போது சிலர் பரவசப்படுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு முதலில் தெரிகிறது இந்தத் தண்டனைதான்.

மாரியம்மன் திருவிழாவில் பறை முன்னால் போகும். தாத்தா கோயில் வாசலுக்கு வெளியே நிற்பார். ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். எங்க ஜில்லாவில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம்ம சனங்கள் போலீஸ் பாதுகாப்போடு முதல்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர் கிரிவலம் சுற்றுகிற மலைக்குப் பக்கத்துச் சேதி இது.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை ஹார்லெமை ஒட்டியிருக்கிற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். கறுப்பர்கள் ஐ.நா. சபைக்கு மனு கொடுத்தது தெரிந்து, 1946இல் அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி அதன் நகல் கேட்டார். அதே பம்பாயில்தான் 1972இல் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து தலித் பேந்தர்ஸ் தொடங்கியது. தன் கடைசிக் காலத்தில் அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார் என்பதைப் படித்தபோது எனக்கு லியான் அபே ஞாபகம்தான் வந்தது.

பறையைக் கொளுத்து என்று ஒரு பக்கம், பறை நம் அடையாளம் என்று இன்னொரு பக்கம், தொண்ணூறுகளில் நம்மவர்களே மோதிக்கொண்டார்கள். எங்கப்பா முதல் கட்சி. தாத்தா செத்த அன்றே பறையை இறக்கி வைத்தவர், பிறகு தொடவில்லை. 2025இல் மதுரை பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது டிவியைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

என் தங்கச்சி மகன் இப்போது திருவண்ணாமலையில் எட்டுப் பேரோடு பறைக்குழு வைத்திருக்கிறான். கல்லூரி விழா, கல்யாணம், புத்தகத் திருவிழா. எட்டு ஆளுக்கு இவ்வளவு, வண்டி வாடகை தனி, பாதிப் பணம் முன்கூட்டியே. மும்பையிலிருந்து திரும்பின வாரம் நான் பக்கத்தில் இருக்கிறபோதே ஊர்த்தெருவிலிருந்து போன் வந்தது. அவனை வாடா போடா என்று பேசுகிற குரல் எனக்கே கேட்டது. யாரோ இறந்துவிட்டாராம். "சாவுக்கு அடிக்கிறதில்லீங்க" என்றான். அந்தப் பக்கம் குரல் ஏறியது. "பணம் எவ்வளவுன்னாலும் இல்லீங்க" என்று வைத்துவிட்டான். அவன் பாட்டன் வீடு இருந்த அதே தெருதான். என் தங்கச்சி எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டாள்.